அத்தாவிடம் நீ சொல்லாமல் விட்டது

இன்று காலை கெட்டிலின் அடியில் படிந்திருந்த உப்புக் கறையைப் போக்க வினிகர் ஊற்றிக் கொதிக்க விட்டேன். பருத்திப்பட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். ஏரி பக்கத்திலேயே இருந்தாலும் எங்கள் குடியிருப்பின் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. நெடி எழுந்து சமையலறை முழுக்கப் பரவியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது. டயாலிசிஸ் வார்டின் வாசனை அது. ஒரு நோயாளி எழுந்து போனதும் அடுத்தவருக்காக இயந்திரத்தைக் கழுவுவார்களே, அப்போது இதே புளித்த நெடிதான் வரும். "ஊறுகாய் ஜாடிக்குள்ள படுத்துகினு கீற மாதிரி கீதுடி" என்று நீ மூக்கைச் சுளிப்பாய்.

கெட்டிலை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, உனக்கு எழுத உட்கார்ந்தேன். நீ போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இருந்தபோதும் நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. வாரத்தில் ஐந்து நாள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடிதம் எதற்கு?

அம்பத்தூரில் நம் அலுவலகத்தில் நான் சேர்ந்தபோது கல்யாணமாகி கரூரிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. ஊரும் புதிது, பேச்சும் புதிது. நீ பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். கடைத்தெருவில் உன் அப்பாவுக்கு, நீ அத்தா என்று கூப்பிடுவாயே அவருக்கு, பள்ளிக்கூடப் பை விற்கும் கடை. வெளிநாட்டு முதலீட்டு நிதிகளின் கணக்கைச் சரிபார்ப்பது நம் வேலை. அந்த வேலையில் மேலே போக வேண்டுமென்றால் நிதித் துறைத் தேர்வு எழுதியாக வேண்டும் என்றார்கள். இருவரும் ஒரே நாளில் பதிவு செய்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனின் கடைசி மேசை நமக்கு வகுப்பறை ஆயிற்று.

கணக்குப் பகுதிகளை நீ விளையாட்டாகப் போட்டுத் தள்ளினாய். நான்தான் திணறுவேன். ஆனால் எதிக்ஸ் என்ற நெறிமுறைப் பகுதிக்கு வந்தால் உனக்கு மதிப்பெண் விழாது. "கணக்குல விடை ஒண்ணுதான். இங்க மூணுமே சரியா கீது, மூணுமே தப்பாவும் கீது" என்று சலித்துக்கொள்வாய். சூத்திரம் கிடையாது, ஒரு மனிதன் ஒரு சிக்கலில் நிற்பான், அவன் விதியை மீறினானா இல்லையா என்று மூன்று விடை கொடுத்துக் கேட்பார்கள். ஒரு கேள்வியில் முதலீட்டு ஆலோசகர் ஒருவர், எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு புதிய பங்கை, வாடிக்கையாளர்களில் ஒருத்தியான தன் விதவைத் தங்கைக்கு முதலில் ஒதுக்கிவிடுவார். அது மீறல் என்றது புத்தகம். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தங்கச்சிக்குக் குடுத்தது தப்பா? இன்னா புக்குடி இது?"

சாப்பாட்டு நேரம் முழுவதும் அந்தத் தங்கைக்காக வாதாடினாய். மறுநாள் காலை பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைக்கு வந்தாய்.

"பஸ்ல வர்றப்ப யோசிச்சுகினே வந்தேன். அந்த வரிசையில கடைசியா நின்னவன் யாருன்னு கேள்வியில சொல்லவே இல்ல, பார்த்தியா? அவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்கும்ல."

அதன் பிறகு எந்தக் கேள்வியைப் படித்தாலும் அதில் பெயர் சொல்லப்படாத ஆளைத் தேட ஆரம்பித்தாய். உன் விடைகளும் சரியாக வரத் தொடங்கின.

அப்புறம்தான் உன் முகம் வீங்க ஆரம்பித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வருவதால் கால் வீங்குகிறது என்றாய். தூக்கம் போதவில்லை, அதனால் முகம் உப்பியிருக்கிறது என்றாய். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று நீ அலுவலகத்துக்கு வரவில்லை. இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்று உன் அம்மாதான் போனில் சொன்னார்கள்.

செவ்வாய், வியாழன், சனி என்று வேலப்பன்சாவடிப் பக்கம் நெடுஞ்சாலையோர மருத்துவமனையில் உனக்கு டயாலிசிஸ். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு நான் வருவேன். உன் அத்தா ஒருநாளும் வார்டுக்குள் வந்ததில்லை. குழாயில் மகளின் ரத்தம் ஓடுவதைப் பார்க்க அவரால் முடியாது. கேட்டுக்கு வெளியே கடையோரமாக நின்றுகொண்டிருப்பார்.

நான் வந்த முதல் சனிக்கிழமை, குழாய்களைப் பார்த்ததும் என் கண் கலங்கிவிட்டது. நீ தலையைத் திருப்பாமலே சொன்னாய்: "அழறதுன்னா வெளிய போயி அழுதுட்டு வா. உள்ள வந்தா எதிக்ஸ் எடு."

எடுத்தேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து கேள்விகளைப் படிப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு விடை சொல்வாய். ரத்த அழுத்தம் இறங்கி வார்த்தை குழறும்போது நிறுத்துவேன். "ஏன் நிறுத்துன?" என்பாய். அடுத்த முறை தேர்வு எழுதிவிடலாம் என்று நீ நம்பினாய். அம்மா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக முடிவாகி, பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்தன. அறுவைச் சிகிச்சைக்கான செலவுக்கு அத்தா வைத்திருந்தது, பல வருடங்களாகச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்த ஒரே கம்பெனியின் பங்குகள். வண்டி பாகங்கள் செய்யும் கம்பெனி; அம்பத்தூரில் அவர்களுக்குப் பெரிய தொழிற்சாலை. "கண்ணுக்கு முன்னாடி நிக்கிற கம்பெனிமா, ஓடிப் போயிடாது" என்பார் அத்தா.

உன் பக்கத்துக் கட்டிலில் சனிக்கிழமைகளில் படுத்திருந்த மனிதர் அந்தக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார். நமக்கு அது தெரிந்ததே நர்ஸ் அவரிடம் தன் தம்பிக்கு வேலை கேட்டபோதுதான். நடுவில் ஒரு திரைச்சீலைதான் தடுப்பு. அன்று அவருக்கு போன் வந்தது. மெதுவாகத்தான் பேசினார். ஆனால் வார்டு அமைதியாக இருந்தது.

"அம்பத்தூர் பிளான்ட்டை மூடறது முடிவாயிடுச்சு. போர்டுல பேசியாச்சு. அறிவிப்பு வர்ற வரைக்கும் யார் காதுக்கும் போகக் கூடாது. வெளிய தெரிஞ்சா ஷேர் தரைக்கு வந்துடும்."

நான் உன்னைப் பார்த்தேன். நீ கண்ணைத் திறந்து மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அழுத்தம் பார்க்கும் பட்டை கட்டாத கையால் போர்வையை இறுகப் பிடித்திருந்தாய்.

எனக்கு அந்த விதி தெரியும், உனக்கும் தெரியும். வெளிவராத தகவல், விலையைப் பாதிக்கும் தகவல்: அதை வைத்து வாங்கவோ விற்கவோ கூடாது, பிறர் வாங்கவோ விற்கவோ காரணமாகவும் கூடாது. கேன்டீனில் அதை நாம் பாட்டு மாதிரி ஒப்பித்திருக்கிறோம். ஆனால் உன் உடம்பிலிருந்து ரத்தம் வெளியே போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் அதை ஒப்பிக்க என்னால் முடியவில்லை. "சொல்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "சொல்லாதே" என்று சொல்ல அதைவிட இல்லை.

"இதைக் கேள்வியா படி" என்றாய் கடைசியில்.

"எதை?"

"இதைத்தான். புக்குல வர்ற மாதிரி படி."

படித்தேன். தேர்வுக்குத் தயாராகும் ஒரு பெண் மருத்துவமனையில் ஒரு தகவலைக் கேட்க நேர்கிறது. அவள் தந்தையிடம் அந்தக் கம்பெனியின் பங்குகள் இருக்கின்றன. அவற்றை அவளுடைய சிகிச்சைக்காக வைத்திருக்கிறார். அவள் என்ன செய்ய வேண்டும்? ஏ, தந்தையிடம் உடனே விற்கச் சொல்ல வேண்டும். பி, காரணம் சொல்லாமல் விற்கச் சொல்லலாம். சி, தகவல் வெளியாகும் வரை எதுவும் சொல்லக் கூடாது.

உன் கண்ணின் ஓரத்திலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போயிற்று. போர்வையைப் பிடித்த கையை நீ எடுக்கவில்லை. நான் துடைத்தேன்.

"அத்தா வித்தா யாரோ ஒருத்தன் வாங்கணும்ல" என்றாய். "அவனும் புள்ள வைத்தியத்துக்குன்னு சேர்த்து வைக்கிறவனா இருந்தா?" பிறகு, "சி" என்றாய்.

அத்தோடு விடவில்லை நீ. டயாலிசிஸ் முடியும் தறுவாயில் திரைச்சீலையை விலக்கச் சொன்னாய். அந்த மனிதரிடம், "சார், நீங்க போன்ல பேசுனது எங்க ரெண்டு பேருக்கும் கேட்டுடுச்சு. எங்க அத்தாகிட்ட உங்க கம்பெனி ஷேர் கீது. நாங்க விக்க மாட்டோம். உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்" என்றாய். அவர் முகம் செத்துப்போயிற்று. "வெளிய சொல்லிடாதம்மா" என்று மட்டும் கேட்டார்.

"ஷேர் வச்சிருக்கவங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றாய்.

அந்த வாக்கியத்தை நீ எவ்வளவு அளந்து சொன்னாய் என்பது ஆட்டோவில் உன் தெருவுக்கு வந்து இறங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. எதிர் வீட்டுச் செல்வம் அண்ணன் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அந்தத் தொழிற்சாலையில் மெஷின் ஆப்பரேட்டர். ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போ பக்கம் ஒரு ஃபிளாட் பேசி முடித்து, வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போட இருந்தார். தெருவுக்கே தெரிந்த செய்தி அது. என் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே அவரிடம் போனாய்.

"அண்ணா, உங்ககிட்ட உங்க கம்பெனி ஷேர் ஏதாச்சும் கீதா?"

"ஷேரா? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஷேர் ஆட்டோதாம்மா. இன்னாத்துக்குக் கேக்குறே?"

"ஃபிளாட்டுக்கு இப்ப கையெழுத்து போடாதீங்க. கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க."

அவர் துணியைக் கீழே போட்டார். "இன்னாம்மா இப்டி சொல்றே? பேசி முடிச்சாச்சு. ஊட்ல திரைத்துணி கலர்கூடப் பார்த்துட்டா. ஏன்னு சொல்லு."

"ஏன்னு கேக்காதீங்க. எனக்கோசரம் தள்ளிப் போடுங்க."

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி பைக்கைத் துடைக்க ஆரம்பித்தார். வீட்டுக்குள் வந்து உன்னைப் படுக்க வைத்ததும் நான் கேட்டேன், அத்தாவுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயமா என்று. நீ களைத்துப் போயிருந்தாய். "அத்தா தப்பிச்சா அந்த நஷ்டம் இன்னொருத்தன் தலையில உக்காரும்டி. இவர் தப்பிச்சா யார் தலையிலயும் உக்காராது. இதுல அடிபடுற வேற ஆள் கீறாங்களான்னு தேடிப் பார்த்துட்டேன், யாரும் இல்ல" என்றாய். பிறகு, "இதுக்கு புக்குல ஆப்ஷன் இல்ல" என்று சொல்லிக் கண்ணை மூடினாய்.

அறிவிப்பு வந்தது. பங்கு நீ பயந்ததைவிட அதிகமாகவே விழுந்தது. அத்தா கடையில் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார் என்று அம்மா சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் உன் வீட்டில் இருந்தபோது செல்வம் அண்ணன் வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சு. சிறுநீரகம் நின்ற உனக்கு ஆரஞ்சு ஆகாது என்று அவருக்குத் தெரியாது. அத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பாய், உங்க பொண்ணு தெய்வம் பாய்" என்றார். "வேலை போயிடுச்சு, சரி, அது எல்லாருக்கும் போச்சு. ஆனா கடன் கையெழுத்து போட்டிருந்தேன்னா ஊடும் இல்ல, வேலையும் இல்லன்னு நடுத்தெருவுல நின்னிருப்பேன். முன்னாடியே சொல்லுச்சு பாய். நாந்தான் மூஞ்சைக் காட்டிட்டேன்."

அவர் எழுந்து போகும்வரை அத்தா சிரித்த முகமாகவே இருந்தார். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து உன் எதிரில் நின்றார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் அத்தா."

"அவன்கிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லல."

"உங்ககிட்ட ஷேர் இருந்துச்சு அத்தா. அதான்."

அவர் உன்னையே பார்த்தார். என்னைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நீ அந்தப் பழங்களைப் பையிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டே இருந்தாய்.

அந்த வாரம் முழுவதும் அத்தா உன்னிடம் பேசவில்லை. பேசாமலேயே போய்த் திருமழிசைப் பக்கம் வைத்திருந்த மனையை விற்க ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கேள்வி எடுத்தபோது வார்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். குழாய்களைப் பார்த்ததும் கதவையே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து கட்டிலின் காலடியில் உட்கார்ந்தார்.

"என்ன படிக்கிறீங்க? எனக்கும் சொல்லு" என்றார் என்னிடம்.

ஒரு கேள்வியைத் தமிழில் சொன்னேன். வாடிக்கையாளர் ஒருவர் ஆலோசகருக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் பரிசு தருகிறார். அத்தா யோசித்து, "வாங்கிக்கலாம். திருப்பிக் குடுத்தா அவர் மனசு நோகும்" என்றார்.

"தப்பு அத்தா" என்றாய் நீ. "வாங்கினா மொதலாளிகிட்ட சொல்லணும்."

"அப்ப நான் பாஸ் ஆக மாட்டேன்" என்றார் அவர். உன் காலைப் போர்வைக்கு மேல் பிடித்துக்கொண்டார். டயாலிசிஸ் முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பணம் சேர்ந்துவிட்டது. அம்மாவின் பரிசோதனைகளும் சரியாகவே வந்தன. தேதி குறிக்க இருந்தார்கள். அதற்குள் உன் கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. குளிர் காய்ச்சல் என்று சேர்த்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் நீ போய்விட்டாய். பணம் இல்லாமல் எதுவும் ஒருநாள்கூடத் தள்ளிப் போகவில்லை என்று டாக்டர் அத்தாவிடம் தனியாகச் சொன்னார். அத்தா கேட்காமலே சொன்னார். ஒருவேளை அவர் முகம் கேட்டிருக்கும்.

உன்னை எடுத்துப் போனபோது நான் உள்ளே அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன்னைச் சுமந்த சந்தூக்கின் ஒரு முனையில் செல்வம் அண்ணனின் தோள் இருந்தது.

நான் தேர்வு எழுதினேன். தேறியும்விட்டேன். இப்போது வேறொரு அலுவலகத்தில், விதிகள் சரியாகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். செல்வம் அண்ணன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சிறிய தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டார். சம்பளம் குறைவு. வாடகை வீட்டில்தான் இருக்கிறார்.

போன மாதம் பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். மகனுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க அத்தாவின் கடைக்குத்தான் போனேன். டீ வரவழைத்தார். பேச்சு எப்படியோ உன்னிடம் வந்தது. நான் இத்தனை நாளும் கேட்காததைக் கேட்டேன்: அவள் சொல்லாமல் விட்டதில் உங்களுக்கு இன்னும் வருத்தம் இருக்கிறதா என்று.

ஜிப் ஓடுகிறதா என்று ஒரு பையைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சொல்லியிருந்தா வித்திருப்பேம்மா" என்றார். "ஒரு நிமிஷம்கூட யோசிச்சிருக்க மாட்டேன். அது அவளுக்குத் தெரியும். அதான் என்னைக் கேக்கவே இல்ல." பையை மடியில் வைத்துக்கொண்டார். "வித்துட்டு, அந்தக் காசையும் வச்சுகினு, அவளும் போயிருந்தான்னு வை. நான் எப்டிமா தொழுகைக்குப் போயி நின்னிருப்பேன்?"

கடை வாசலில் வாடிக்கையாளர் ஒருவர் விலை கேட்டார். அத்தா எழுந்து போனார்.

அந்தக் கடையிலிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்தது ஒரு சந்தேகத்தை. உன் இடத்தில் நான் படுத்திருந்தால், என் அப்பாவிடம் சொல்லாமல் இருந்திருப்பேனா? தேறியவள் நான்; சான்றிதழ் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்தக் கேள்விக்கு என்னால் இன்றுவரை விடை சொல்ல முடியவில்லை. விடை எனக்குத் தெரியும் என்று ஒருநாள் நான் துணிந்துவிட்டால், மற்றவர்களின் சரி தப்பைப் பார்க்கும் இந்த வேலையை அன்றைக்கே விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். தெரியாது என்பதை வைத்துக்கொண்டுதான் தினமும் நாற்காலியில் உட்காருகிறேன்.